மாதையன் மோந்து சொன்ன ரம்

"பையில என்னங்க?" என்று கேட்டார் பூசாரி.

நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அறுபது தாண்டியவன் செய்கிற காரியமா அது? மஞ்சள் பை, அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில். சித்திரை மாதத்து உச்சி வெயில். எதிரே பன்னிரண்டு அடி உயரத்துக்கு முனியப்பன், முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை மறைக்கிறேன்.

"ஒண்ணுமில்ல பூசாரி. ஒரு சந்தேகம் கேக்கலாம்னு வந்தோம்."

"சந்தேகம் அப்புறம் கேக்கலாங்க. பையில இருக்கறது சரக்குதானுங்களே?"

என் பக்கத்தில் நின்ற மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பத்தடி தள்ளி, புளியமரத்து நிழலில் அவன் மனைவி பச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கோயில் எல்லைக்குள்ள வந்த சரக்கு திரும்பி வூட்டுக்குப் போகக் கூடாதுங்க மண்டிக்காரரே. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கிடா வெட்டினால் கறியை அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று தீர்த்து, கையைக் கழுவிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஊர் எங்களுடையது. மிச்சக் கறியைத் தூக்குப் போசியில் வீட்டுக்குக் கொண்டுபோனவனுக்கு என்ன ஆயிற்று என்ற கதையை நாலு விதமாகக் கேட்டு வளர்ந்தவன் நான். பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி, அன்றைக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் எப்படி மறந்துபோனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பாட்டிலில் இருந்தது, இருபது வருஷத்துக்கு மேல் மரப்பீப்பாயில் கிடந்த ரம். என் கைக்கு வந்த சரக்குகளிலேயே மேலானது அதுதான். அதை நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

அழுகுகிற வியாபாரம்

பாலக்கோட்டில் எனக்குத் தக்காளி மண்டி என்பதை இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த ஒரு வாசகி, "தக்காளிக்காரருக்கு எதுக்குங்க வெளிநாட்டு விஸ்கி?" என்று கேட்டிருந்தார். ஏதோ ஒரு வாரம் என் பாட்டில் அலமாரியைப் பற்றி வாய் தவறி எழுதிவிட்டதன் பலன். நியாயமான கேள்விதான்.

தக்காளி ஒரு ராட்சசி. விடியும் முன்னால் டிராக்டரிலும் பஸ் கூரையிலும் வந்து இறங்கும். பத்து மணிக்குள் ஏலம் போட்டு ஏற்றி அனுப்பிவிட வேண்டும். மத்தியானம் வரை கிடந்தால் பாதி விலை, மறுநாள் கிடந்தால் மாட்டுக்கு. பழத்தைக் கையில் எடுத்து லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் எனக்குச் சொல்லிவிடத் தெரியும்: இது சென்னை வரை தாங்கும், இது சேலம் தாண்டாது, இதை இங்கேயே குழம்பில் போடு. முப்பது வருஷம் இதே வேலை. நாளைக்கு என்ற சொல்லே என் தொழிலில் கிடையாது.

இப்படிப்பட்டவனிடம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு தீபாவளிக்கு விமான நிலையத்துக் கடையில் வாங்கிய விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பதினெட்டு வருஷத்துச் சரக்கு என்றான். எனக்குக் குடிப்பதைவிட அதைக் கேட்டுத்தான் தலை சுற்றியது. பதினெட்டு வருஷம் ஒருத்தன் ஒரு பீப்பாயைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தானா? அந்தப் பொறுமையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் வாங்காமல் விடுவேனா?

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். வெளிநாட்டிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும், "சென்ட் வேணாம், சாக்லேட் வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பெங்களூருக்கு மண்டிக் கணக்கு விஷயமாகப் போனால் கண்ணாடி அலமாரி வைத்த கடைகளில், நகைக் கடைக்குள் நுழைந்த பெண்பிள்ளை மாதிரி நின்றுவிடுவேன். அலமாரியில் இருபது பாட்டில் சேர்ந்தது. காலியான பாட்டில்களில் என் மனைவி செக்கு நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். "இந்த பாட்டிலுக்காவது ஒரு நல்ல காரியம் ஆகட்டும்" என்பது அவள் கட்சி.

மூக்கு அவனுடையது

வாங்கிவிட்டேனே தவிர எனக்குச் சுவை தெரியாது. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். செல்போனில் வெள்ளைக்காரர்கள் கண்ணாடிக் குவளையைச் சுழற்றிச் சுழற்றி மோந்து, பேரிக்காய் என்கிறார்கள், தேன் என்கிறார்கள். எனக்கு எல்லாமே ஒரே எரிச்சலாகத்தான் தொண்டையில் இறங்கியது.

அப்போதுதான் மாதையன் வந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகை மொலாசஸ் என்பார்கள். ரம் பிறப்பது அதிலிருந்துதான். முப்பது வருஷம் அந்தப் பாகை மோந்து மோந்து, மாதையனுக்கு மூக்கு ஒரு தனி ஆளாகவே வளர்ந்துவிட்டது. தெருவில் நடந்துபோகும்போதே எந்த வீட்டில் என்ன குழம்பு, அதில் புளி பழசா புதுசா என்பதுவரை சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலம் முடிந்து மண்டியைக் கழுவிவிட்ட பிறகு, மாடி அறையில் காலியான தக்காளி கிரேடுகளுக்கு நடுவே உட்காருவோம். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் இரண்டு. ஆளுக்கு விரல்கடை அளவு. பேனாவுக்கு மை விடுகிற ஃபில்லரால் காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு மாதையன் மூக்கைக் கொண்டுபோவான். நான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பேன்.

"என்னா வருது?"

"இருங்கண்ணா, இன்னும் வருது."

ஒரு ஸ்காட்லாந்து விஸ்கியை மோந்துவிட்டு அவன் சொன்னது: "ஒகேனக்கல்ல மீனு பொரிக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஈர வெறகு பொகையும் பாருங்க, அது. கூடவே புது ரெயின்கோட்டு." நான் குடித்துப் பார்த்தேன். அப்படியே ஆற்றங்கரை! அதுவரை எரிச்சலாக இருந்தது, அவன் சொன்ன கணத்திலிருந்து ஊராகவும் ஆளாகவும் மாறியது. இன்னொன்றை, "மேரி டீச்சர் வூட்டுக் கிறிஸ்மஸ் கேக்கு, ஆனா அஞ்சாம் நாளு" என்றான். அந்த அஞ்சாம் நாள்தான் மாதையன்.

கடைசியில் எப்போதும் ஒரு விளையாட்டு உண்டு. லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு, "எத்தன வருசத்துச் சரக்கு?" என்று கேட்பேன். ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் அவன் தப்பியதில்லை. நாக்கு என்னுடையது, மூக்கு அவனுடையது என்று ஒப்பந்தம் போட்டது மாதிரி வருஷங்கள் போயின. என் வாழ்க்கையின் சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைகள் அவைதான்.

பார்க்காமல் விட்டது

இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விரல்கடை அளவோடு தீர்ந்தது. மாதையனுக்குத் தீரவில்லை. மாடியிலிருந்து இறங்கி, நேராகக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கத் தொடங்கியிருந்தான். ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது திங்கட்கிழமைக்கும் வந்தது. பிறகு கிழமை பார்க்கவில்லை. கொரோனா அடங்கி ஊர் மூச்சு விட்ட சமயத்தில், அவன் காலையிலேயே வாசத்தோடு நடமாடினான்.

எனக்குத் தெரியாதா? தெரியாமல் என்ன. அவனே மூக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த பிறகு எனக்கும்தான் வாசம் தெரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் டம்ளரைக் கழுவி வைத்தேன். பழத்தைத் தொட்டவுடனே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற நான், எதிரே உட்கார்ந்திருந்தவன் கசிந்துகொண்டிருந்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவன் இல்லாவிட்டால் எனக்கு யார் சுவை சொல்வது? அந்தச் சுயநலம்தான், வேறொன்றுமில்லை.

அவனுடைய மருமகள் கவிதா, பிரசவத்துக்கு நல்லம்பள்ளியில் தாய்வீட்டுக்குப் போய், ஐந்து மாதப் பேரனோடு திரும்பி வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். மாதையன் வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினான். நீட்டியவன் நிலைதடுமாறி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். கவிதா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "இப்பிடி இருக்கறப்ப குடுக்க மாட்டனுங்க மாமா" என்றாள். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நானும் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாதையன் முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் சாமி முன்னால் நாள் குறித்துச் சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். அந்த நாள் வரை வாயில் வைக்கக் கூடாது. மீறினால் முனியப்பன் பார்த்துக்கொள்வார். மாதையன் குறித்த நாள், பேரனுக்கு மொட்டை அடிக்கிற நாள். அதற்கு ஆறு மாதம் இருந்தது. அதுவரை கயிறு அறாமல் இருந்தால் குழந்தையைக் கையில் கொடுப்பதாக மருமகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவன் மண்டிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். நானும் அவன் தெருப் பக்கம் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

ஓசூரில் கிடைத்தது

ஐந்து மாதம் ஆகியிருக்கும். ஓசூரில், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தன்னிடமிருந்த பாட்டில்களை விஷயம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருக்க நினைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போனேன். ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் நடுவே படுத்திருந்தது அந்த ரம். கரீபியன் தீவு ஒன்றில் வடித்தது. தோள் அகன்ற, கழுத்து குட்டையான பாட்டில். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய புளி நிறம். கழுத்தில் முத்திரை வைத்த அரக்கு காய்ந்து வெடித்திருந்தது.

என் அலமாரியிலிருந்து நல்ல விஸ்கி இரண்டும், மேற்கொண்டு பணமும் கொடுத்து வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "கொழந்தைக்கு மருந்துங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் ஒரே வரியில் என் தூக்கத்தைக் கெடுத்தான். "மாமா, அரக்கு வெடிச்சிருக்கே, பழைய பாட்டில்ல புதுச் சரக்கு ஊத்தி விக்கறவங்களும் இருக்காங்க, பாத்துக்கோங்க."

நானே திறந்து குடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எனக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். இருபது வருஷம் பொறுத்திருந்த சரக்கு, ஒரு மாதத்தில் கெட்டா போய்விடும்? தக்காளிக்காரனுக்குப் பொறுமை ஏது! பொறுமையை அலமாரியில் வாங்கி அடுக்கினேனே தவிர, மனசுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அவனைப் பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை என்றாலே வெறிச்சென்று இருந்தது.

போனேன். மாதையன் இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிந்திருந்தது. வீட்டுக்குள் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றின் நுனியை மட்டும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தையைத் தொடக் கூடாது, கயிற்றைத் தொடலாம் என்று அவனே ஒரு கணக்கு வைத்திருந்தான்.

"குடிக்க வேணாம் மாதையா. மோந்து மட்டும் பாத்துச் சொல்லு. நெசமா பொய்யான்னு தெரிஞ்சாப் போதும்."

அவன் தொட்டில் கயிற்றை ஆட்டுவதை நிறுத்தினான். "எனக்கும் ஆசையாத்தாங்கண்ணா இருக்குது" என்றான். "ஆனா கயிறு கட்டுனது பூசாரி. மோந்தா சத்தியம் போகுமான்னு அவர ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க."

அடுப்படியிலிருந்து பச்சியம்மா வெளியே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நானும் வரன்" என்றாள் புருஷனிடம்.

எல்லைக்குள்

அப்படித்தான் சித்திரை வெயிலில் முனியப்பன் முன்னால் மஞ்சள் பையோடு நின்றேன்.

விஷயத்தைச் சொன்னோம். பூசாரி சுருட்டை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார்.

"கயிறு கட்டறப்ப என்னா சொல்லிக் கட்டுனோம்? வாயில வெக்க மாட்டன்னு. மூக்கப் பத்திப் பேச்சே இல்லீங்க." நான் நிமிர்ந்தேன். அவர் விரலை நீட்டினார். "ஆனா மூக்கும் வாயும் ஒரே வூட்டுக்கு ரெண்டு வாசலுங்க. எதுல பூந்தாலும் உள்ளதான் போகும். அதனால கைல டம்ளரக் குடுத்து மோக்கச் சொல்றது ஆகாது. எப்பிடியும் சரக்கு எல்லைக்குள்ள வந்துருச்சு. சாமிக்கு ஊத்தறன். வாசம் அது பாட்டுக்கு வரும். மாதையன் நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

அப்போதுகூட நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சாமிக்கு ஒரு டம்ளர், பூசாரிக்கு ஒரு டம்ளர் போனாலும் எனக்குப் பாதிப் பாட்டில் மிஞ்சும், இங்கேயே உட்கார்ந்து இரண்டு வாய் குடித்துவிடலாம் என்று.

கார்க் பாதியில் உடைந்தது. பூசாரி எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியால் மீதியை உள்ளே தள்ளிவிட்டார். பித்தளை டம்ளரில் ஊற்றி முனியப்பன் காலடியில் வைத்தார். இன்னொரு கை ஊற்றிப் பீடத்தைச் சுற்றித் தெளித்தார்.

வெயிலில் காய்ந்த கல். ரம் விழுந்ததும் சுர்ரென்று வாசம் கிளம்பியது. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

மாதையன் கண்ணை மூடினான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னா வருது?"

"இருங்கண்ணா, இன்னும் வருது." மூச்சை மெல்ல இழுத்தான். "மொதல்ல மொலாசஸ் தொட்டி. சும்மா தொட்டி இல்ல, மழ பேஞ்ச அன்னிக்கித் தொட்டி. ஈரச் சாக்கு. அப்புறம் அடிபுடிச்ச வெல்லம்... கரிஞ்சது இல்லீங்க, கரியறதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி. தோலு கறுத்த வாழப்பழம். அதுக்குப் பின்னாடி மரம். புது மரம் இல்ல. பழைய கட்டில ஒடச்சா ஒரு வாசம் வருமே, அது." கண்ணைத் திறந்தான். "இது நெசங்கண்ணா. எவனும் ஊத்தி வெச்சது இல்ல. இத்தன வருசம் கெடந்தாத்தான் இந்த மரம் வரும்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பூசாரி கற்பூரம் காட்டினார். விபூதி கொடுத்தார்.

மாதையன் விபூதியைப் பூசிக்கொண்டு அங்கேயே நின்றான். இடது கை, வலது மணிக்கட்டுக் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திருகியது. ஒரு அடி முன்னால் வைத்தான். பூசாரியைப் பார்க்காமல், காலடியில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பூசாரி... சாமிக்கு வெச்சது பிரசாதந்தானுங்களே? பிரசாதம் சத்தியத்துல சேருமுங்களா?"

பூசாரி காதில் சொருகிய சுருட்டைக் கையில் எடுத்தார். அவர் முப்பது வருஷப் பூசையில் இந்தக் கேள்வி வந்திருக்காது. சேரும் என்றால் பிரசாதத்தைப் பழித்த மாதிரி. சேராது என்றால் மாதையன் கை டம்ளருக்குப் போய்விடும்.

நான் புளியமரத்துப் பக்கம் திரும்பினேன். பச்சியம்மா புருஷனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. நல்லவனாக இருந்தால் அந்தப் பாட்டில் அங்கே வந்தே இருக்காது. பூசாரி கையிலிருந்து அதை வாங்கி, முனியப்பன் காலடியில் தலைகீழாகக் கவிழ்த்தேன். டம்ளரையும் காலால் தட்டிவிட்டேன். சாமி மன்னிக்கட்டும்.

சட்டென்று கொட்டித் தீர்ந்திருந்தால் பரவாயில்லை. உள்ளே விழுந்த கார்க் துண்டு ஓடிவந்து ஓடிவந்து கழுத்தை அடைத்தது. குபுக்கென்று கொஞ்சம் வரும், நின்றுவிடும். உலுக்க வேண்டும். மறுபடி குபுக். மனசு மாறுவதற்கு முனியப்பன் எனக்கு நிறைய அவகாசம் கொடுத்தார். மாறவும்தான் பார்த்தது. கால்வாசி இருக்கும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு உலுக்கினேன். கடைசிச் சொட்டு வரை உலுக்கினேன்.

"ஒரு வாய் வெச்சிருக்கலாமில்லீங்க" என்றார் பூசாரி பரிதாபமாக.

மாதையன் ஈரமான கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு புளியமரத்துக்கு நடந்தான். பச்சியம்மா அவனைத் தாண்டி என்னிடம் வந்தாள். பாட்டிலுக்காகக் கையை நீட்டினாள்.

"காலி பாட்டிலு வூட்டுக்கு வரலாமுங்களா பூசாரி?"

"சரக்குதான் வரக் கூடாதும்மா."

"குடுங்கண்ணா. கழுவி, கொழந்தைக்கி வெளக்கெண்ண ஊத்தி வெக்கறன்." அன்றைக்கு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

மொட்டை

வைகாசியில் மொட்டை. அதே கோயில், அதே புளியமரம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை ஊரைக் கூட்டியது. மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்கள்.

முதலில் மாதையன் பூசாரியிடம் கையை நீட்டினான். நாள் முடிந்தது. பூசாரி கயிற்றை அறுத்துச் சாமி காலடியில் போட்டார். வெறும் மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. எத்தனையோ பேர் கயிறு அவிழ்த்த அன்றைக்கே, கோயில் வாசலிலேயே மறுபடி குடிக்கத் தொடங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். உறவுக்காரர்கள் அவன் கையையே பார்த்தார்கள்.

மாதையன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னொண்ணு கட்டுங்க பூசாரி."

"எந்த நாளு வரைக்குங்க?"

"இவனுக்குக் காது குத்தற நாளு வரைக்கும்."

பூசாரி புதுக் கயிற்றை எடுத்துக் கட்டினார். முடிச்சு விழுந்த பிறகு கவிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இந்தாங்க மாமா, புடிங்க" என்றாள்.

அவன் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது யார் புது ஆள் என்று அவன் மீசையைப் பார்த்தது. மாதையன் கண்ணை மூடிக்கொண்டு, சந்தனம் பூசிய தலையில் மூக்கை வைத்தான்.

எனக்குப் பழைய பழக்கம். வாய் சும்மா இருக்குமா?

"என்னா மாதையா வருது?"

"சந்தனங்கண்ணா. அதுக்கு அடியில வெளக்கெண்ண. அதுக்கும் அடியில பாலு..."

"எத்தன வருசத்துச் சரக்கு?"

"பதினோரு மாசங்கண்ணா" என்றான், தலையை நிமிர்த்தாமல். "பேசாம இருங்க. இன்னும் வருது."